எட்டாவது துண்டு

கல்ஃபில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம், "பாய்மரப் படகுக்கு வேலி கட்டினேன்" என்று சொல்வேன். சிரிப்பார்கள். "பாலைவனத்துல படகு, அதுக்கு வேலி வேறயா? ஆடு மேஞ்சிரும்னா?" என்று மேலகரத்து டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். பதினாறு வருஷம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வந்தவன், இப்போது தென்காசியில் மாடிப்படிகளுக்கு ஸ்டீல் கைப்பிடி போட்டுக் கொடுக்கிறேன். மனுஷன் விழாமல் இருக்கக் கம்பி கட்டுவதுதான் அங்கேயும் இங்கேயும் என் பிழைப்பு. அதை நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே கடலோரத்தில் பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகின் மேல்தளத்து ஓரத்தில் சின்னச் சின்ன ஸ்டீல் கால்கள் நட்டு, அவற்றின் வழியாக இரண்டு வரிசைக் கம்பி இழுத்திருப்பார்கள். முழங்காலுக்கு ஒன்று, அதற்கு மேலே தொடை உயரத்தில் ஒன்று. காற்றில் படகு சாயும்போது தளத்தில் நிற்கிறவன் கடலுக்குள் போய்விடாமல் அந்தக் கம்பிதான் தடுத்து நிறுத்தும். லைஃப்லைன் என்று பெயர். நாங்கள் லைன் என்போம்.

மெல்லிய ஸ்டீல் இழைகளை முறுக்கி, மேலே வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி அது. பார்க்க லட்சணமாக இருக்கும். அந்த உறைதான் கள்ளன். எங்கேயாவது ஒரு கீறல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே வெள்ளைவெளேரென்று இருக்க, உள்ளே துரு ஒவ்வொரு இழையாகத் தின்றுகொண்டு வரும். கம்பியின் நுனியில், டீ சிந்தினாற்போல ஒரு பழுப்புக் கறை தெரிந்தால் கதை முடிந்தது. கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அதில் ரெண்டாவது பேச்சே கிடையாது. யாராவது அந்தக் கறையைப் பார்த்தும் பார்க்காமல் விட்டால் படகு யார்டே அதிருகிற மாதிரி நான்தான் கத்துவேன்.

என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு விசா எடுத்து அங்கே கூட்டிப் போனதும் நான்தான். படகு கழுவுவது, பாலிஷ் போடுவது அவன் வேலை. அவனை மாதிரி ஒரு கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. தன் ரூமைப் பூட்டிவிட்டுப் படி இறங்குவான். பாதியில் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கேஸை அணைத்தாச்சா என்று ரெண்டு தரம் கேட்பான். "ஏலே, ஒன்னயக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி என்ன பாடு படுதாளோ" என்று கேலி செய்வேன். "பாத்துட்டுப் போனா என்ன மச்சான், காசா பணமா?" என்பான். கோபமே வராது அவனுக்கு.

அவனுடைய வாப்பா எனக்கு மாமா முறை. தென்காசி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை மூத்தவன் என்பதால், அஞ்சாறு வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்து கடையில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. மாமா வாய் பொல்லாதவர். தப்பு செய்தவன் யாராக இருந்தாலும் இடம் பார்க்காமல் ஏசுவார். சொந்தத் தம்பியை ஒரு கல்யாணப் பந்தியில் வைத்தே ஏசினார். ஆனால் தப்பு செய்யாதவனை அவர் ஏசி, அதுவரை நான் கேட்டதில்லை.

நான் லீவுக்கு வரவேண்டிய வருஷம். ஊரில் சாரல் தொடங்கியிருந்தது. தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அண்ணே, இங்கன ஒரு வாரமா வெயிலே இல்ல. துணி காய மாட்டேங்குது. மாடில கட்டிருக்க கொடிக்கம்பி பூரா துருப் புடிச்சு, பிள்ள யூனிஃபார்ம்ல கோடு கோடா விழுது. ஒங்க கப்பல் கம்பி துருவே புடிக்காதுன்னு ஒங்க மாப்ள சொல்லுதாவ. வாறப்போ ஒரு துண்டு கொண்டாயேன்." துருப் பிடிக்காதாம். கேட்டுச் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் துணி காயப்போட அது போதும், ஊர்ச் சாரலுக்குப் பத்து வருஷம் தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டது. கல்ஃபில் இருந்து வருகிறவன் தங்கச்சி கேட்டதைக் கொண்டுவராமல் வந்தால் என்ன மரியாதை?

கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு படகு கொடுத்தார்கள். நீலக் கோடு போட்ட படகு. அதன் லைன்களை எல்லாம் மாற்ற வேண்டும். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டுத் துண்டு. வேலையை முடித்து, படகின் வேலைக் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் லீவுப் பேப்பர் கைக்கு வரும். ஸ்டோரில் ஒரு சுருள் கம்பி கொடுத்தார்கள். அதைக் கண்ணாலேயே அளந்தேன். எட்டுத் துண்டு போகத் தாராளமாக மிஞ்சும் என்று பட்டது. டேப் எடுத்து அளக்கவில்லை. காலையிலேயே பன்னிரண்டு அடியை வெட்டிச் சுருட்டி, மதியச் சாப்பாட்டுக்கு ரூமுக்குப் போனபோது பெட்டிக்குள், பால்பவுடர் டின்னுக்கும் போர்வைக்கும் நடுவே சொருகிவிட்டேன்.

லீவுக்குப் போகிறவனின் பெட்டியை ரூமே சேர்ந்துதான் கட்டும். ஒருத்தன் முட்டியால் அழுத்துவான், ஒருத்தன் டேப் ஒட்டுவான், ஒருத்தன் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு இறுக்குவான். கடைசியாக மார்க்கரால் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதுவார்கள். அப்படிக் கட்டின பெட்டியைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் லீவு தள்ளிப் போகும் என்று எங்கள் ரூமில் ஒரு நம்பிக்கை. ஒருத்தன் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக் கட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்து எடுத்தானாம், ஃப்ளைட்டே கேன்சல் ஆகிவிட்டதாம். நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. கோட்டிக்காரப் பயலுவ என்று சிரிப்பேன். அன்றைக்கு மதியமும் சிரித்துக்கொண்டேதான் என் பெட்டியைக் கட்ட விட்டேன்.

சாப்பிட்டுத் திரும்பி, ஏழு துண்டும் போட்டு முடித்துவிட்டு எட்டாவதுக்கு வந்தபோது கம்பி போதவில்லை. ஒரு ஆள் நீளத்துக்குக் குறைந்தது. வலது பக்கம், பின்புறம், மேல்வரிசை. முதலில் மேல்வரிசை முழுக்க முடித்துவிட்டுக் கீழ்வரிசைக்கு இறங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, குறை முழங்கால் கம்பியில் போயிருக்கும். நான் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஸ்டோரில் கேட்டால் அடுத்த சுருள் வர ஒரு வாரம் ஆகும் என்றான். தேவையான கம்பி பத்து நிமிஷ நடையில், என் ரூமில், கட்டிலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டிக்குள் இருந்தது.

போய் எடுத்து வந்திருக்கலாம். ஒரு கயிறு, நாலு டேப், அவ்வளவுதான். அந்த வெயிலில் படகின் மேல் உட்கார்ந்து கால் மணி நேரம் யோசித்தேன். கட்டின பெட்டியைப் பிரிப்பதா என்று மனசு கேட்டது. ஒருநாளும் நம்பாததை அன்றைக்கு நம்பினேன். வசதியாக இருந்தது, நம்பினேன். பெட்டியைப் பிரித்தால் ரூமில் எதற்கு என்று கேட்பார்கள், கம்பி எடுத்தது தெரியும், என் வாய்ச்சவடால் எல்லாம் சந்தி சிரிக்கும். அதுதான் உண்மையான காரணம்.

கழற்றிப் போட்டிருந்த பழைய துண்டையே எடுத்தேன். நுனியில் அந்த டீக்கறை நல்லாத் தெரிந்தது. பாலிஷ் தொட்டு, துணியால் தேய்த்துத் துடைத்தேன். போய்விட்டது. முனையில் புது வெள்ளை டேப்பைச் சுற்றினேன். திரும்ப மாட்டி இறுக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் எட்டும் ஒரே மாதிரி இருந்தன, எனக்கே அடையாளம் தெரியவில்லை. கார்டில் 'எட்டும் புதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாசம்தானே, லீவு முடிந்து வந்த அன்றைக்கே சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை என் ரூமுக்கு வந்தான். மகளுக்கு ஒரு பொம்மை, தங்கச்சிக்கு ஒரு கைக்கடிகாரம், மாமாவுக்கு அத்தர், எல்லாம் ஒரு சின்னப் பையில் போட்டு, பையின் வாயில் ஊக்குக் குத்தி, "கைல வச்சுக்கோ மச்சான், கீழ வச்சிராத" என்று நாலு தரம் சொன்னான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாப்ள, அந்த நீலக்கோட்டுப் படகுல வலது பக்கம் பின்னால போவாத. இவ்வளவுதான். சொன்னால் ஏன் என்று கேட்பான். காரணம் தெரிந்தால் அந்த நிமிஷமே ஃபோர்மேனிடம் போய் நிற்பான். அவனுடைய கவனத்தைப் பார்த்து எனக்குப் பயம். கையைக் குலுக்கிவிட்டு, "நல்லபடியா இருலே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே மேலகரத்தில் தங்கச்சி வீட்டு மாடியில் அந்தக் கம்பியை இழுத்துக் கட்டினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். விரலால் தட்டிப் பார்த்து, "எப்பா, வீணை மாதிரில்லா இருக்கு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆறாவது நாள் எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். நல்ல தண்ணீர். நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த போனை எடுத்தேன். ஏழு மிஸ்டு கால். ரூமில் இருந்து. திரும்பக் கூப்பிட்டால், "அண்ணாச்சி, ஒங்க மாப்ள விழுந்துட்டாரு. தண்ணில இல்ல, மேடைல. முதுகுல நல்ல அடி. நீலக்கோட்டுப் படகுல லைன் அத்துப் போச்சு" என்றான். எனக்கு அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் இருந்து தங்கச்சி ஈரத்தலையைப் பிழிந்துகொண்டு, மகளை இடுப்பில் வைத்து, சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். "என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி நிக்க?" என்றாள். அவளிடம் நான்தான் சொன்னேன். விழுந்துட்டாம்மா என்று சொன்னேன். அத்துப் போச்சு என்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். படகுக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவே ரப்பர் உருளை ஒன்று தொங்கும், உரசாமல் இருக்க. அதைத் தூக்கி எடுக்க மாப்பிள்ளை குனிந்திருக்கிறான். தொடை லைனில் பட்டிருக்கிறது. அது அறுந்து, அவன் தலைகுப்புறப் புரண்டு, மேடை விளிம்பில் முதுகு மோத விழுந்திருக்கிறான். முதுகெலும்பில் ரெண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இடது கால் அதற்கப்புறம் பழைய காலாக இல்லை.

யார்டில் விசாரித்தார்கள். அறுந்த துண்டை அதற்குள் யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள். கார்டை எடுத்துப் பார்த்தார்கள். லைன் புதுசு என்று என் கையெழுத்து சொன்னது. புதுக்கம்பி அறுகிறது என்றால் அதில் ஆள் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், லைனில் உட்காரவோ சாயவோ கூடாது என்று சொல்லித்தான் வைத்திருக்கிறோம் என்று எழுதி மூடிவிட்டார்கள். அதுவரை பதினைந்து வருஷத்தில் என் கையெழுத்தை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. அதனால் தப்பு மாப்பிள்ளையுடையது ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்து அவனே போன் செய்தான். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. "நான்தான் மச்சான். சாயக்கூடாதுன்னு தெரியும். எப்படியோ பட்டுட்டு. நீ புதுசா மாட்டுன லைனப் போயி அத்துட்டேன், ஒன் பேருக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டான். யா அல்லா, இதை எப்படி நான் காதால் கேட்டுக்கொண்டு நின்றேன்? "பரவால்ல மாப்ள, ரெஸ்ட் எடு" என்றேன். முதுகை உடைத்தவன் பரவாயில்லை என்கிறேன்.

அவன் நாலு மாசத்தில் ஊருக்கு வந்தான், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு. நான் அங்கே மறுபடி போய் ஒரு வருஷம் இருந்தேன். அந்த லைன்களைத் தொடும்போதெல்லாம் நுனியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். மாமா, மாமி, மாமாவின் தம்பி, ரெண்டு மகன்கள், மருமகள்கள், சம்பந்தி முறையில் நானும் என் வீட்டுக்காரியும். தரையில் விரிப்புப் போட்டு, நெய்ச்சோறும் கறியும். அந்த விரிப்பில் வைத்துத்தான் மாமா ஆரம்பிப்பார். "ஏ, செம்பப் பாத்துப் புடி. ஒனக்குத்தான் கவனம் கெடயாதே." மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பை ரெண்டு கையாலும் பிடித்துக் கீழே வைப்பான். "ஊரு ஒலகத்துல எவனும் சாயாத கம்பில இவன் போயிச் சாஞ்சிருக்கான். கவனம் கெட்ட பய. இவங்கிட்ட எப்படி நான் கடையக் குடுப்பேன்?" கடைச்சாவியை இளையவனிடம் கொடுத்துவிட்டார். தப்பு செய்தவனைத்தான் அவர் ஏசுவார். தப்பு செய்தவன் யார் என்று அவருக்குச் சொல்லவேண்டியவன், அடுத்த தட்டில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். பள்ளிவாசலில் துஆ கேட்கும்போதுகூட வாசகம் எல்லாம் தயாராக இருக்கும். விரிப்பில் உட்கார்ந்ததும் பசி வந்துவிடும். வெட்கங்கெட்ட வயிறு. அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

தங்கச்சி ஒருநாள் கேட்டாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "அண்ணே, இவுக வீட்டுப் பூட்ட எத்தன தரம் இழுத்துப் பாப்பாவன்னு ஒனக்கே தெரியும். அங்க மட்டும் எப்படிண்ணே இப்படி ஆச்சு? நெனச்சு நெனச்சுப் பாக்குதேன், எனக்குப் புரிய மாட்டேங்குது." அவள் ரெண்டு கைக்கும் நடுவே அந்தக் கம்பி, அதில் அவன் சட்டை. "அல்லாவோட நாட்டம்மா" என்றேன். என் திருட்டைத் தூக்கி அல்லாவின் மேல் போட்டேன்.

மாமா படுத்துவிட்டார். சர்க்கரை, கிட்னி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்காரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் எலும்புதான் இருந்தது. "நீ ஒருத்தன்தான் நம்பிக்கையான ஆளு. பெரியவன நெனச்சாத்தான் கவலையா கெடக்கு. அவனுக்கு எதுலயும் கவனம் பத்தாது. பாத்துக்கிடுவியா?" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். தப்பு அவன் மேல இல்ல மாமா, என் மேல. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? படுத்தபடியே ஏசியிருப்பார், மூச்சு வாங்க வாங்க ஏசியிருப்பார். அப்புறம் மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். "சரி மாமா, பாத்துக்கிடுதேன்" என்றேன். அந்த வாரமே மவுத்தாகிவிட்டார். மையவாடியில் மண் போடும்போது மாப்பிள்ளையால் குனிய முடியவில்லை. நான் அள்ளி அவன் கையில் கொடுத்தேன், அவன் போட்டான்.

ரெண்டு மாசம் கழித்து மாப்பிள்ளை என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். மத்தியான நேரம். புளியறைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கான கைப்பிடியை அறுத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்தினேன். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து, கம்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், வீட்டுப் படிக் கைப்பிடி லேசா ஆடுத மாதிரி இருக்கு. நீ ஒருதரம் வந்து பாரேன்."

"எந்த எடத்துலலே? கீழயா, மேலயா?"

"அதான் நீ பாத்துச் சொல்லணும். நான் பாத்தா சரிப்படாது. எனக்குத்தான் கவனம் பத்தாதே. இப்பல்லாம் கேஸக்கூட நான் மூடுறதில்ல, அவளத்தான் மூடச் சொல்லுதேன். பிள்ளயத் தனியாக் கூட்டிட்டுப் போறதும் இல்ல. பயமா இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என் ரத்த குரூப் இது என்று சொல்கிற மாதிரி சொன்னான். பூட்டை இழுத்துப் பார்க்க மாடி ஏறி வந்தவன் இவன். முதுகை உடைத்தது போதாதென்று இவனையே இவனிடம் இருந்து நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இருந்த கிளவுஸைக் கழற்றிக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுருளைக் கண்ணால் அளந்தது, பன்னிரண்டு அடி வெட்டியது, பெட்டியைப் பிரிக்காதது, கறையைத் துடைத்தது, டேப் சுற்றியது, கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அதற்காகவும் என் மேல் எரிச்சலாக வந்தது. அழவேண்டியவன் நானா?

அவன் மடியில் கிடந்த கம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்.

"மாடில கெடக்கே, அந்தக் கொடியா?"

"ஆமா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாப்ள. சத்தியமாத் தெரியாது."

"வாப்பாக்கு?"

"தெரியாது."

எழுந்தான். மடியில் இருந்த கம்பு கீழே விழுந்தது. ஓடிப்போய் எடுத்து நீட்டினேன். என் கையில் இருந்து வாங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் அதை மேஜை மேல் வைத்த பிறகு எடுத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழம வா" என்றான். "வாப்பா என்னய எங்க வச்சு ஏசுனாவளோ, அங்க வச்சுச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

இடையில் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம், "போயிச் சொல்லிரு. என்ன ஏசுனாலும் வாயத் தொறக்காதீய" என்றாள். நான் அதற்குத் தயாராகத்தான் போனேன். வெளியே போ என்றால் போய்விட வேண்டும், கையை ஓங்கினால் வாங்கிக்கொள்ள வேண்டும், சம்பந்தமே வேண்டாம் என்று முறித்தாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

சோறு பரிமாறுவதற்கு முன்னால் சொன்னேன். மாமா உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தங்கச்சி அடுக்களை வாசலில் கறிச்சட்டியோடு நின்றாள். நான் முடித்ததும் உள்ளே திரும்பிப் போனாள்.

முதலில் பேசியது மாமாவின் தம்பி. "அட விடுப்பா. நடந்தது நடந்து போச்சு. இத இப்பச் சொல்லணும்னு ஒனக்கு என்ன? சொல்லாமலே இருந்திருக்கலாம். எத்தன பேருக்கு இந்த மனசு வரும்?" என்றார்.

"ஆமா மச்சான்" என்றான் கடையில் உட்கார்ந்திருக்கும் இளையவன். "இந்தக் காலத்துல எவன் வந்து சொல்லுவான்? ஒங்களப் பாத்துத்தான் நாங்கல்லாம் படிக்கணும்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ மனசுல வச்சுக்கிடாத வாப்பா. அல்லா மன்னிப்பான்" என்றார். என் தட்டில்தான் முதலில் சோறு விழுந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து ரெண்டு வைத்தார்.

"இருந்தாலும்" என்று இளையவன் தட்டை இழுத்துக்கொண்டே சொன்னான், "லைன்ல சாயக்கூடாதுன்னு அண்ணனுக்கும் தெரியும்லா. கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு கடை, சீசன், ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று போய்விட்டது. என்னை ஒருத்தரும் ஏசவில்லை. நான் திருடன் என்று சொல்ல வந்தவன், நல்லவன் என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை எனக்கு எதிரே, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சோற்றைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் எல்லோர் முகத்தையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னான்.

"வாப்பா இருந்திருந்தா ஒன்னய ஏசியிருப்பாவ மச்சான். அவுக ஒருத்தருதான் ஏசியிருப்பாவ."